உடவத்தை வனத்துத் துறவி

கண்டி மாநகரில், தலதா மாளிகைக்குப் பின்னே, மேட்டு நிலத்தில் ஒரு பெருங்காடு பரந்து கிடக்கின்றது. உடவத்தைக் கெலே என்பது அதன் பெயர். கண்டி மன்னர் ஆண்ட காலத்தில் குடிமக்கள் கால் வைத்தல் ஆகாது என்று விலக்கப்பட்டிருந்த அரச வனம் அது. அக்குறணையிலிருந்தும் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் மாத்தளை வீதி வழியாக நாள்தோறும் கண்டிக்குப் போய்வருவோர் மிகப் பலர். பள்ளிக்கும் கந்தோருக்கும் கடைத்தெருவுக்கும் விரையும் அவர்களுள் அக்காட்டின் பசுமையைக் கண்டவர் பலர். அதனுள்ளே மரங்களிடையே ஒரு சிறு ஆச்சிரமம் இருப்பதை அறிந்தவர் சிலர். அங்கே 42 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை அறிந்தவரோ மிகச் சிலர்.

அவர் பெயர் ஞானபோனிக தேரர். பிறப்பால் யூதர், நாட்டால் ஜேர்மனியர், தாமே தேர்ந்துகொண்ட நெறியால் பௌத்தர், முடிவில் இலங்கைப் பிரசை. கண்டியிலிருந்து அவர் எழுதியனுப்பிய சிறு நூல்கள் உலகின் பல நாடுகளிலும் படிக்கப்பட்டன. அத்தகைய ஒருவரின் வாழ்வை இரு கூறாகப் பிளந்தது 1933ஆம் ஆண்டு. ஜேர்மனியின் பொதுவாழ்வு தலைகீழாகக் கவிழ்ந்த ஆண்டு அது. ஒரு நாட்டின் அரசு தன் மக்களை மக்களாகக் காணாமல் பட்டியலாகக் காணத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை அவ்வாண்டு உலகுக்குக் காட்டிற்று. அப்பட்டியலில் அகப்பட்ட ஒருவன் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்பதை ஞானபோனிகரின் வாழ்வு காட்டிற்று.

1901ஆம் ஆண்டு யூலை மாதம் 21ஆம் நாள் ஹனாவு என்னும் ஊரில் அவர் பிறந்தார். பிராங்பர்ட் நகரை அடுத்து மைன் ஆற்றங்கரையில் உள்ளது அவ்வூர். சிறுவர் கதைகளைத் தொகுத்து உலகப் புகழ் பெற்ற கிரிம் சகோதரர் பிறந்த ஊரும் அதுவே. பெற்றோர் இட்ட பெயர் சீக்முண்ட் பெனிகர். அவர் ஒரே பிள்ளை. தந்தையார் காலணி விற்கும் கடை வைத்திருந்தார். குடும்பம் யூத சமயப் பற்று மிக்கது. ஆதலின் இளமையிலேயே எபிரேய மொழியும் யூத மறையும் அவருக்குக் கற்பிக்கப்பட்டன. அவர் சிறுவராயிருக்கையில் குடும்பம் மேல் சிலேசியா என்னும் சுரங்க நாட்டில் உள்ள கோனிக்ஸ்ஹூட்டே நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமும் பிரெஞ்சும் பயின்றார்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஒரு புத்தகசாலையில் வேலைக்கு அமர்ந்தார். நூல்களின் மீது வேட்கை கொண்ட இளைஞருக்கு இதனினும் ஏற்ற தொழில் வேறில்லை. விற்பனைக்கு வந்த நூல்களைத் தாமே படித்தார். சமயம் பற்றிய ஐயங்கள் அவர் உள்ளத்தில் எழுந்த காலம் அது. அவ்வையங்களுக்கு விடை தேடியபோது பௌத்தம் பற்றிய நூல்கள் அவர் கைக்கு எட்டின. பாளி மூலங்கள் பல அக்காலத்திலேயே ஜேர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டிருந்தன. ஆசிரியர் எவரும் இன்றி, தோழர் எவரும் இன்றி, நூலொன்றே துணையாக அவர் பௌத்தரானார். தமிழர்க்கு இது வியப்பன்று. மணிமேகலையையும் வீரசோழியத்தையும் பெற்ற மொழி நம்முடையது. ஒரு நூல் ஒருவனை வேறொரு நெறியில் திருப்பிவிடும் ஆற்றல் உடையது என்பதை நாம் நன்கறிவோம்.

அதற்குள் முதலாம் உலகப் போர் நிகழ்ந்து முடிந்திருந்தது. அப்போரில் ஜேர்மனியின் படையில் ஏறத்தாழ 1 இலட்சம் யூதர் பணிபுரிந்தனர். அவருள் ஏறத்தாழ 12,000 பேர் உயிர் நீத்தனர். தம் நாட்டுக்காக உயிர் ஈந்த அவர்களை அந்நாடு எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம். 1918ஆம் ஆண்டில் போர் தோல்வியில் முடிந்தது. பேரரசர் முடி துறந்தார். 1919ஆம் ஆண்டில் வைமார் நகரில் குடியரசின் யாப்பு வகுக்கப்பட்டது. பெனிகர் குடும்பம் வாழ்ந்த கோனிக்ஸ்ஹூட்டே 1922ஆம் ஆண்டில் போலந்து நாட்டுடன் சேர்ந்தது. ஊர் இருந்த இடத்தில் இருக்க, நாடு மாறிப்போயிற்று. குடும்பம் பெர்லின் நகருக்கு வந்துவிட்டது.

பெர்லினில் அவர் முதன்முதலாகத் தம்மைப் போன்ற பௌத்தர்களைக் கண்டார். அவர்கள் வாயிலாகவே இலங்கையில் வாழ்ந்த ஜேர்மானியத் துறவியான ஞானதிலோக தேரரைப் பற்றி அறிந்தார். ஞானதிலோகர் வீஸ்பாடன் நகரிற் பிறந்தவர். வயலின் இசையில் வல்லவர். இளமையிலேயே பர்மா சென்று பிக்குவானவர். 1911ஆம் ஆண்டில் தென்னிலங்கையிலே தொடந்துவைக்கு அண்மையில், இரத்கம வாவியின் நடுவிலுள்ள தீவொன்றில் அவர் ஓர் ஆச்சிரமம் நிறுவினார். முதலாம் உலகப் போரிலே பிரித்தானிய அரசு அவரை எதிரிநாட்டவர் எனச் சிறைப்படுத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. நாடு நாடாக அலைந்த அவர் 1926ஆம் ஆண்டிலேதான் மீண்டும் இலங்கை வந்து சேர்ந்தார். இவ்வரலாற்றைக் கேட்ட பெனிகருக்கு, தாமும் அத்தீவுக்குச் சென்று துறவு பூண வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றியது.

ஆயினும் எண்ணியவுடன் புறப்பட அவரால் இயலவில்லை. அவர் ஒரே பிள்ளை என்று முன்னர்க் கூறினோம். பெற்றோர் கோனிக்ஸ்பெர்க் நகருக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் உடன் சென்றார். அந்நகரே இரண்டாம் உலகப் போரின்பின் உருசியர் கைக்குச் சென்று இன்று கலினின்கிராட் என வழங்குவது. அங்கே நண்பர் சிலருடன் கூடிப் பௌத்த நூல்களைப் பயிலும் வட்டமொன்றை அமைத்தார். தந்தையார் நெடுநாள் நோயுற்றிருந்து 1932ஆம் ஆண்டில் காலமானார். கைம்பெண்ணான தாயைத் தனியே விட்டுச் செல்ல மகனுக்கு மனம் ஒப்பவில்லை. தாயும் மகனுமாகப் பெர்லினுக்குத் திரும்பினர். துறவு வேட்கை ஒருபுறம், தாய்க்குச் செய்ய வேண்டிய கடன் ஒருபுறம். இரண்டிற்கும் இடையே அவர் பத்தாண்டு காத்திருந்தார்.

அவர் திரும்பிய பெர்லின் முன்னைய பெர்லின் அன்று. 1923ஆம் ஆண்டின் பணவீக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு 4 இலட்சம் கோடி மார்க்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. ஆயுட்காலச் சேமிப்பு அனைத்தும் ஒரு ரொட்டிக்குப் போதாமற் போன அந்த நினைவு மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தது. இடையிலே நாடு சற்றுத் தேறியது. 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி ஜேர்மனியையும் தாக்கியது. 1932ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை 60 இலட்சத்தை எட்டியது. பசித்த வயிறு பழி சுமத்த ஆள் தேடும். அப்பழியை யூதர் மீது சுமத்தி வாக்குத் தேடிய கட்சி இட்லரின் நாசிக் கட்சி. 1928ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் 12 இடங்களே பெற்றிருந்த அக்கட்சி, 1930இல் 107 இடங்களும் 1932 யூலையில் 230 இடங்களும் பெற்றது.

1933ஆம் ஆண்டு பிறந்தது. சனவரி 30ஆம் நாள் இட்லர் பிரதம மந்திரியானார். பெப்ரவரி 27ஆம் நாள் இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே பேச்சுரிமையும் எழுத்துரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் ஒரு கட்டளையால் நிறுத்தப்பட்டன. மார்ச்சு 23ஆம் நாள், பாராளுமன்றத்தைக் கேளாமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தை இட்லரின் அரசுக்கு வழங்கும் சட்டம் நிறைவேறியது. ஆதரித்தோர் 444 பேர். எதிர்த்தோர் 94 பேர். பொதுவுடைமைக் கட்சியினர் அவைக்கு வரவே விடப்படவில்லை. யூலை 14ஆம் நாள் நாட்டில் ஒரே கட்சியன்றி வேறு கட்சி இருத்தலாகாது எனச் சட்டம் வந்தது. சனவரிக்கும் யூலைக்கும் இடையிலே ஆறு திங்கள்தாம். பதினான்கு ஆண்டுக் குடியரசு அந்த ஆறு திங்களில் மடிந்தது.

இவை அரசின் மேல்தளத்தில் நிகழ்ந்தவை. தெருவில் நிகழ்ந்தவை யாவை? ஏப்ரல் 1ஆம் நாள் யூதர் கடைகளின் வாயில்களிலே சீருடை அணிந்தோர் நின்று, உள்ளே போகாதீர் என்று மக்களைத் தடுத்தனர். ஏப்ரல் 7ஆம் நாள் யூதரை அரசாங்க உத்தியோகங்களிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. ஆசிரியரும் நீதிபதியரும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அதனால் வேலை இழந்தனர். அக்காலத்தில் ஜேர்மனியில் இருந்த யூதர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். நூற்றுவருள் ஒருவருக்கும் குறைவு. போரில் உயிர் ஈந்தவரின் குடும்பங்களும் அவர்களுள் அடங்கும்.

மே 10ஆம் நாள் இரவு பெர்லினிலும் வேறு பல பல்கலைக்கழக நகரங்களிலும் நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. எரித்தவர்களுட் பலர் பல்கலைக்கழக மாணவர் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சைச் சுடுகின்றது. புத்தகசாலையிலே தம் வாழ்வைத் தொடங்கி, நூல் ஒன்றினாலேயே நெறி கண்ட பெனிகர் வாழ்ந்த நகரில் இது நிகழ்ந்தது. அத்தீயின் வெம்மை எத்தகையது என்பதை 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகத்தைப் பறிகொடுத்த நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பெனிகர் யூத சமயத்தை விட்டுப் பௌத்தத்தைத் தழுவிப் பல்லாண்டு கழிந்திருந்தது. அரசோ அவர் எதை நம்பினார் என்று கேட்கவில்லை. ஏப்ரல் 11ஆம் நாள் வெளியான விதியின்படி, ஒருவருடைய பெற்றோருள் அன்றிப் பாட்டன் பாட்டியருள் ஒருவர் யூதராயின் அவர் ஆரியர் அல்லாதவர் ஆவார். மனிதன் என்ன எண்ணினான், என்ன கற்றான், எவ்வாறு வாழ்ந்தான் என்பன எல்லாம் பொருளற்றுப் போயின. பாட்டன் எந்தக் கோயிலில் வழிபட்டான் என்பது ஒன்றே அவன் விதியை முடிவு செய்தது.

அந்நிலையில் பெனிகர் என் செய்தார்? தாம் பௌத்தர், யூதர் துன்பம் தம்மைச் சாராது என்று ஒதுங்கினாரல்லர். துன்புற்ற யூத மக்களுக்கு உதவும் பொருட்டு அவ்வாண்டிலே பெர்லினில் அமைக்கப்பட்ட மத்திய குழுவிலே சேர்ந்து பணிபுரிந்தார். வேலை இழந்தோர்க்கு உதவுதல், நாடு விட்டுச் செல்வோர்க்கு வழி தேடுதல், புதுத்தொழில் கற்பித்தல் முதலியன அக்குழுவின் பணிகள். சமயத்தால் பிரிந்தவர், துன்பத்தால் அவர்களோடு சேர்ந்தார். பின்னாளில் அவர் எழுதிய கருணை பற்றிய கட்டுரைகளைப் படிப்போர் இதனை மறத்தலாகாது.

1935ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நூரம்பெர்க் சட்டங்கள் வந்தன. யூதர் முழுமையான குடிமக்கள் அல்லர் என்று அவை விதித்தன. இனி இங்கே வாழ்வில்லை என்பது தெளிவாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் தாயை அழைத்துக்கொண்டு ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னா சென்றார். அங்கே உறவினர் இருந்தனர். தாயை அவர்களிடம் ஒப்படைத்தபின், 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கப்பலேறி இலங்கை வந்து சேர்ந்தார். பெற்ற நாடு துரத்தியது. நெடுநாள் வேட்கை அழைத்தது. ஒரே பயணம் இரண்டற்கும் விடையாயிற்று.

தொடந்துவைத் தீவில் ஞானதிலோகரிடம் 1936ஆம் ஆண்டிலே சாமணேரராகவும் 1937ஆம் ஆண்டிலே முழுப் பிக்குவாகவும் துறவு பெற்றார். அறிவை நோக்கிச் சாய்பவர் என்னும் பொருளுடைய ஞானபோனிகர் என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. பாளி மொழியை ஆசிரியரிடமே கற்றார். தீவைச் சூழ்ந்த நீரும் தென்னையும் அமைதியும் அவருக்குப் புத்துயிர் அளித்திருக்கும். ஆயினும் அவர் நெஞ்சு வியன்னாவை நோக்கியே இருந்தது.

அவர் அஞ்சியவாறே நிகழ்ந்தது. 1938ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இட்லரின் படை ஒஸ்திரியாவினுள் நுழைந்தது. எந்த நகரைப் புகலிடம் என்று எண்ணித் தாயை விட்டு வந்தாரோ அந்நகரமும் பொறியாயிற்று. துறவியான மகன் தாயை மறந்தாரல்லர். இலங்கையில் இருந்த அன்பர்களின் உதவியைப் பெற்று 1939ஆம் ஆண்டில் தாயைக் கொழும்புக்கு வருவித்தார். சேர் ஏர்ணஸ்ட் டி சில்வா என்னும் செல்வர் அவ்வம்மையாருக்குப் புகலிடம் அளித்து ஆதரித்தார். அவ்வம்மையார் பின்னர்ப் பௌத்த நெறியைத் தழுவி, 1956ஆம் ஆண்டில் கொழும்பிலேயே காலமானார். சில திங்கள் தாமதித்திருப்பின் போர் மூண்டு கடல்வழி அடைபட்டிருக்கும். ஐரோப்பாவிலே பின்னர்க் கொல்லப்பட்ட யூதர் 60 இலட்சம் பேர் என்பதை நினைத்தால், அம்மகன் செய்த கடன் எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

1939ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இப்போது வேறொரு பட்டியல் விரிக்கப்பட்டது. இலங்கையை ஆண்ட பிரித்தானியர் ஜேர்மனியர் அனைவரையும் எதிரிநாட்டவர் எனப் பிடித்துத் தடுப்பு முகாமில் அடைத்தனர். ஜேர்மனியன் அல்லன், யூதன் என்று சொல்லி ஒரு நாடு துரத்திய மனிதரை, யூதனாயினும் ஜேர்மனியனே என்று சொல்லி மற்றொரு நாடு சிறை வைத்தது. முதலில் தியத்தலாவையிலும் பின்னர் இந்தியாவில் இமயத்தின் அடிவாரத்திலுள்ள தேராதூனிலும் அவர் இருந்தார். அவர் முகாமில் இருக்கையிலேயே, 1941ஆம் ஆண்டு நவம்பரில், வெளிநாடுகளில் வாழும் யூதர் எவருக்கும் ஜேர்மன் குடியுரிமை இல்லை என்று இட்லரின் அரசு கட்டளை பிறப்பித்தது. நாடே இல்லாதவராக்கப்பட்டவர், அந்நாட்டவர் என்பதனாலேயே அடைபட்டுக் கிடந்தார். இதனினும் பெரிய முரண் ஒரு மனித வாழ்வில் நேர்தல் அரிது.

ஏழாண்டு சிறை. அவ்வேழாண்டினையும் அவர் முறையிட்டுக் கழிக்கவில்லை. சுத்தநிபாதம் என்னும் பழம் பாளி நூலை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். பௌத்த உளநூலாகிய அபிதம்மத்தின் முதல் நூலான தம்மசங்கணியையும் அதன் உரையான அத்தசாலினியையும் பெயர்த்தார். சதிபட்டானம் என்னும் தியான நெறி பற்றிய மூலங்களைத் தொகுத்தார். திபெத்திய பௌத்தத்தில் ஈடுபட்ட ஜேர்மனியரான கோவிந்த லாமாவும் அம்முகாமிலே அவருக்கு நண்பராயினார். முள்வேலிக்குள்ளே, நாசிகளை ஆதரித்த ஜேர்மனியரும் அடைபட்டிருந்த அதே முகாமில், ஒருவர் தம் தாய்மொழிக்கு அறநூல்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். தம்மைத் துரத்திய நாட்டின் மொழியை அவர் துரத்தவில்லை. மொழி இட்லருக்கு உரியதன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

1946ஆம் ஆண்டில் விடுதலை பெற்று ஆசிரியருடன் தொடந்துவைக்கு மீண்டார். 1949ஆம் ஆண்டில் அபிதம்மம் பற்றிய ஆய்வு நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1951ஆம் ஆண்டில் இலங்கை அரசு அவருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. நாடற்றவருக்கு ஒரு நாடு கிடைத்தது. இச்செயலுக்காக இலங்கையைப் பாராட்டுதல் வேண்டும். பாராட்டும்போதே மற்றொன்றையும் மறைக்காமற் கூறுதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால், கண்டி மலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்பதற்குச் சான்று கேட்டது அச்சட்டம். அவர்களுள் எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் பெரிதும் நீங்கியது. ஒரே மலைநாட்டில் ஒரே காலத்தில் ஒரு கதவு திறந்தது. ஒரு கதவு மூடியது. பாட்டனைக் கேட்கும் சட்டம் எந்த நாட்டில் வரினும் அதனைக் கண்டு அஞ்சுதல் அறிவுடைமையாகும்.

முதுமையும் நோயும் எய்திய ஞானதிலோகருக்குக் கடற்கரை வெப்பம் ஒவ்வாமையால், உடவத்தைக் காட்டினுள்ளே அன்பர் அளித்த இல்லமொன்று ஆச்சிரமமாயிற்று. 1951ஆம் ஆண்டில் அவர் அங்கே வந்தார். 1952ஆம் ஆண்டில் ஞானபோனிகரும் வந்து சேர்ந்தார். பர்மா அரசு கூட்டவிருந்த ஆறாம் பௌத்த மகாசங்கத்தின் பொருட்டு இருவரும் இரங்கூன் நகருக்கு அழைக்கப்பட்டனர். அங்கே மகாசி சயாதோ என்னும் தியான ஆசிரியரிடம் ஞானபோனிகர் பயிற்சி பெற்றார். அதன் பயனாக 1954ஆம் ஆண்டில் கொழும்பில் வெளிவந்ததே பௌத்த தியானத்தின் இதயம் என்னும் பொருள்படத் தலைப்பிட்ட அவருடைய ஆங்கில நூல். 1962ஆம் ஆண்டில் அது இலண்டனிலும் பதிப்பிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் மருத்துவரும் ஆசிரியரும் விழிப்புநிலைப் பயிற்சி பற்றிப் பேசுகின்றனர். அப்பேச்சுக்கு வழிவகுத்த நூல்களுள் இதுவும் முதன்மையானது.

அந்நூலின் நடுவே நிற்கும் கருத்து எளியது. ஓர் ஒலி காதில் விழுகின்றது. அடுத்த கணமே மனம் அதற்குப் பெயர் இடுகின்றது, பின்னர் நல்லது என்கின்றது, தீயது என்கின்றது, விரும்புகின்றது, வெறுக்கின்றது. நாம் கேட்டது ஒலியை என்று எண்ணுகின்றோம். உண்மையில் நாம் கேட்பது நம் மனம் அதன்மேற் பூசிய பூச்சையே. பூச்சு ஏறுமுன் உள்ளதை உள்ளவாறே சற்று நின்று நோக்குதல் வேண்டும். அதற்கு வெறும் கவனம் என்று பெயர். அதனைப் பழகியவனிடத்தே வெறுப்பு வேர்கொள்ளுமுன் வாடிவிடும். இதனைக் கூறியவர் குகையிலே பிறந்து குகையிலே வளர்ந்த முனிவர் அல்லர். ஒரு நாடு முழுவதும் மனிதர் முகத்தின்மேற் பூச்சுப் பூசிய ஆண்டிலே அந்நாட்டின் தலைநகரில் வாழ்ந்தவர். ஆதலின் அவர் சொல்லுக்கு எடை மிகுதி.

1957ஆம் ஆண்டு மே மாதத்தில் ஞானதிலோகர் காலமானார். அரசாங்க மரியாதையுடன் அவருக்கு இறுதிக்கடன் நிகழ்ந்தது. ஆசிரியர் பெயர்த்து வைத்திருந்த அங்குத்தர நிகாயம் என்னும் பெருநூலை மாணவர் திருத்திச் செப்பமாக்கி 1969ஆம் ஆண்டில் ஐந்து பகுதிகளாக ஜேர்மனியிலே வெளிவரச் செய்தார். இதற்கிடையே, 1958ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள், கண்டி அன்பர்களான ஏ. எஸ். கருணாரத்தின, றிச்சட் அபேசேகர ஆகிய இருவருடனும் கூடிப் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நிறுவினார். சில சிறு நூல்களை வெளியிட்டு நிறுத்திவிடலாம் என்பதே அவர்கள் முதலிற் கொண்ட நோக்கம். பிற நாடுகளிலிருந்து வந்த வேண்டுகோள்கள் அவர்களை நிற்க விடவில்லை. சக்கரம் என்னும் பெயருடைய வரிசையில் நானூற்றுக்கு மேற்பட்ட வெளியீடுகள் வந்தன. அன்பு, கருணை, பிறர் நலங்கண்டு மகிழ்தல், நடுவுநிலை என்னும் நான்கு உயர் பண்புகளைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் அவ்வரிசையின் தொடக்க நூல்களுள் ஒன்று. 1984ஆம் ஆண்டு வரை அவரே பதிப்பாசிரியர். 1988ஆம் ஆண்டு வரை அவரே தலைவர்.

1968ஆம் ஆண்டு முதல் பலமுறை ஐரோப்பா சென்று வந்தார். அவரைப் போலவே யூதராய்ப் பிறந்து, இட்லரின் ஆட்சியில் ஜேர்மனியை விட்டு வெளியேறிய உளநூல் அறிஞர் எரிக் புரொம் அவருக்கு நண்பராயினார். மேலைநாட்டவர்க்கு ஞானபோனிகர் எத்துணை இன்றியமையாதவர் என்பதை விளக்கிக் கட்டுரையும் வரைந்தார். பேராதனைப் பல்கலைக்கழகம் தேரருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. பட்டங்களையும் பாராட்டுகளையும் பெற்றபோதும் அவர் உறைவிடம் உடவத்தைக் காட்டின் அந்த இல்லமே. 1994ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19ஆம் நாள், தாம் துறவியாகக் கழித்த 58ஆம் மழைக்கால நோன்பின் இறுதி நாளில், 93ஆம் வயதில், அவ்வில்லத்திலேயே உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபின் இம்மாவட்டம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறாது இக்கட்டுரையை முடித்தல் முறையன்று. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல் எழுந்தது. திகன, அக்குறணை முதலாய இடங்களில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தாக்கியவர் கடையைக் காணவில்லை, கடைக்காரரைக் காணவில்லை. பெயர்ப்பலகையை மட்டுமே கண்டனர். பௌத்தத்தின் பெயரால் சினந்தோர் சிலர் அவர்களுள் இருந்தனர். உடவத்தைக் காட்டின் பிக்கு தம் வாழ்நாளெல்லாம் எழுதிய பௌத்தம் அதுவன்று. அந்நாட்களிலே அயலாரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன. பூச்சு நீக்கி முகத்தைக் கண்டவர்கள் அவர்கள்; அத்தேரரின் நூலைப் படியாமலே அதன் பொருளை வாழ்ந்தவர்கள்.

நம் மாணவர்க்கு 1933ஆம் ஆண்டைப் பாடமாகக் கற்பிக்கின்றோம். நாட்களையும் பெயர்களையும் அவர்கள் நெட்டுருச் செய்து எழுதுகின்றனர், மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அவ்வாண்டின் தீயில் தப்பிய ஒருவர் நம் நகரத்தின் காட்டிலே 42 ஆண்டுகள் இருந்தார், வெறுப்பிற்கு மருந்து எழுதினார் என்பதையும் அவர்களுக்குச் சொல்வோமாயின் அப்பாடம் நிறைவு பெறும். அவர் நிறுவிய சங்கம் இன்றும் கண்டியில் வாவிக்கரையிலே பணிபுரிந்து வருகின்றது. ஒரு சிறு நூலை வாங்கிப் படிப்பதற்கு நாம் ஜேர்மனிக்குப் போக வேண்டியதில்லை. மாத்தளை வீதியிலே வரும் பேருந்து போதும்.